கெடு நீட்டுவதற்கு என்ன விலை?



ஒருவர் ஒரு வீட்டை மூன்று வருஷத்துக்குப் போக்கியத்திற்கு எடுத்துக் குடியிருக்கிறார். மூன்று வருஷமும் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்க விரும்புகிறார். வீட்டுக்காரர் சம்மதிக்கிறார், ஆனால் அதற்கு ஒரு விலை சொல்லுகிறார். அந்த விலையை எதைக்கொண்டு அளப்பது? வீட்டின் மதிப்பைக் கொண்டா, அல்லது குடியிருப்பவர் வெளியேற வழியின்றித் தவிக்கிற தவிப்பைக் கொண்டா? இதுவே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. சிறிய கேள்விபோல் தோன்றும். ஆனால் நம் குடும்பங்கள் பலவற்றின் ஆயுட்காலச் சேமிப்பு இதில் அடங்கியிருக்கிறது.

முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம். போக்கியத்தில் குடிவருகிறவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். கெடு முடியும்வரை அவர் வாடகை கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் வட்டி கொடுப்பதில்லை. கெடு முடிந்ததும் வீடு வீட்டுக்காரரிடமும், பணம் குடியிருந்தவரிடமும் திரும்பவேண்டும். எல்லைக்கு அப்பால் கன்னடத்தாரும் இதைப் போக்கியம் என்ற அதே சொல்லால்தான் வழங்குகிறார்கள். தெற்கே ஒத்தி என்பார்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் இன்று 'லீஸ்' என்றால்தான் தெரியும்.

வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போகிறவர்கள் பலர் இவ்விதமாக வீடு பிடிக்கிறார்கள். நிலம் விற்ற பணமோ, நகை வைத்த பணமோ, வேலையைவிட்டு நின்றபோது வந்த சேமநிதியோ கையில் இருந்தால், அதை வீட்டின்மேல் போட்டுவிட்டால் முதலும் பத்திரம், மாத வாடகையும் மிச்சம் என்று எண்ணுகிறார்கள். அப்படி எண்ணுவதில் தவறில்லை. இவர்கள் வேலைக்குப் போகிற சிப்காட் பேட்டைகளில் தொழிற்சாலைகளே சொந்த நிலத்தில் நிற்பவை அல்ல. 1971-ல் ஏற்பட்ட அந்த அரசு நிறுவனம் தன் மனைகளை 99 வருஷக் குத்தகைக்கு விடுவதே வழக்கம். தொழிற்சாலை முதலாளிக்கு 99 வருஷ உறுதி. அதில் வேலை செய்கிறவருக்கோ பெரும்பாலும் 11 மாத உறுதி.

ஏன் 11 மாதம்? 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமும், 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டமும் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யச் சொல்லுகின்றன. பதிவுச் செலவுக்கு அஞ்சி, வாயால் மூன்று வருஷம் பேசி, முத்திரைத் தாளில் 11 மாதம் என்று எழுதிக்கொள்ளுகிறார்கள். கொடுத்த பணத்தின் வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிப்பது என்று எழுதினால், அதைச் சட்டம் சுவாதீன அடமானம் என்று அழைக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலுமான சுவாதீன அடமானத்துக்குப் பதிவு அவசியம். தமிழ்நாட்டின் நகரப் பகுதிகளில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையிலிருக்கும் 2017-ம் வருஷத்துச் சட்டமோ, எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதியப்பட வேண்டும் என்கிறது.

சட்டம் இவ்வளவையும் சொல்லும். நீட்டிப்புக்கு எவ்வளவு கேட்கலாம் என்று மட்டும் சொல்லாது. இருவர் சம்மதித்தால் அது அவர்கள் பாடு என்று விட்டுவிடும். சட்டம் வாய்மூடும் இவ்விடத்தில்தான் மனச்சாட்சி பேசவேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் என்னும் சாஸ்திரி, வாங்குதல் விற்றல் பற்றி எழுதிய இடத்தில் இக்கேள்வியின் வேரைத் தொட்டிருக்கிறார். அவர் கருத்தின் சாரம் இது: ஒரு பொருளைப் பிரிவதால் விற்கிறவனுக்கு நஷ்டம் உண்டாகுமானால், அந்த நஷ்டத்தையும் விலையில் சேர்த்துக் கேட்கலாம். ஏனெனில் நஷ்டம் அவனுடையது. ஆனால் விற்கிறவனுக்கு விசேஷ நஷ்டம் ஒன்றுமில்லை, வாங்குகிறவனுக்கு மட்டும் பெரிய தேவை இருக்கிறது என்றால், அந்தத் தேவையைச் சாக்காக வைத்து விலையை ஏற்றலாகாது. ஏனெனில் தேவை வாங்குகிறவனிடத்தில் இருக்கிறது. தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் எப்படி விற்க முடியும்?

இதை நம் வீட்டு விஷயத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். குடியிருப்பவரின் பிள்ளை பத்தாம் வகுப்பில் படிக்கிறது. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. அவருடைய தாயார் படுத்த படுக்கை. நடுவருஷத்தில் வீடு மாற இயலாது. வீட்டுக்காரருக்கு இது தெரியும். ஆகவே வழக்கமான தொகைக்கு மேல் இன்னொரு லட்சம் கேட்கிறார். அந்த ஒரு லட்சம் எதன் விலை? சுவரின் விலையா, கூரையின் விலையா? அவை நேற்று இருந்தபடியே இருக்கின்றன. அது படுத்துக்கிடக்கும் தாயாரின் விலை. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் விலை. அவர்கள் வீட்டுக்காரருடைய சொத்து அல்லவே.

இதை அறிந்துகொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. வீட்டுக்காரர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: 'இந்த வீடு இன்று காலியாக இருந்து, முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்டால் நான் எவ்வளவு சொல்லுவேன்?' அந்தத் தொகையை இருப்பவரிடம் கேட்பது நியாயம். அதற்கு மேல் கேட்பது, இருப்பவர் அசைய முடியாதவர் என்ற ஒரே காரணத்தால் கேட்பது. அந்த மிகுதி அநியாயம்.

கணக்காகவே பார்ப்போம். ஆறு லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு போக்கியம் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டியில் அப்பணம் வருஷத்துக்கு 42,000 ரூபாய், மாதம் 3,500 ரூபாய் ஈட்டும். அந்த வீட்டின் வாடகையும் 3,500 என்றால் தராசு சமமாக நிற்கிறது. மூன்று வருஷத்தில் அக்கம்பக்கத்து வாடகை 4,500 ஆகிவிட்டது. இப்போது வீட்டுக்காரருக்கு மாதம் 1,000 ரூபாய் குறைகிறது. கெடுவை நீட்டும்போது அந்த ஆயிரத்தை மாதாமாதம் கேட்கலாம். அல்லது அதே வட்டியில் வருஷம் 12,000 ஈட்டக்கூடிய தொகையாகிய ஏறக்குறைய 1,71,000 ரூபாயை முதலோடு சேர்க்கச் சொல்லலாம். இது நியாயமான நீட்டிப்பு. இதை விட்டு, மூன்று லட்சம் கொண்டுவா, இல்லையேல் சாவியைக் கொடு என்றால், மிகுதியான 1,29,000 ரூபாய்க்கு ஈடாக வீட்டுக்காரர் கொடுப்பது ஒன்றுமில்லை. வட்டியும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் முறை மாறாது.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும்.

முதலாவது: 'அவர் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டார்? கட்டாயப்படுத்தினேனா?' புயலில் அகப்பட்ட கப்பலில் வியாபாரி தன் சரக்கைத் தானே தூக்கிக் கடலில் எறிகிறான். அவன் கையால்தான் எறிகிறான். ஆயினும் மனமார எறிந்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் கூறிய உதாரணம் இது. நெருக்கடியில் கொடுத்த சம்மதம் அரைச் சம்மதம். அந்த நெருக்கடியை நாம் உண்டாக்கவில்லை என்பது உண்மையாயிருக்கலாம். உண்டாகாத புயலை உண்டாக்குவது ஒரு பாவம் என்றால், அடிக்கிற புயலில் மிதந்துவரும் சரக்கைத் தனதாக்கிக்கொள்வதும் நல்ல செயல் ஆகிவிடாது.

இரண்டாவது: 'வீடு என்னுடையது. நீட்டிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. மறுக்கவே உரிமை உள்ளவன் விலை கேட்கக் கூடாதா?' மறுக்க உரிமை உண்டு, ஒப்புக்கொள்வோம். மகனுக்குக் கலியாணம், வீடு வேண்டும், பழுது பார்க்கவேண்டும், விற்கவேண்டும். இவை நேர்மையான காரணங்கள். ஆனால் வீடு தமக்கு வேண்டியதில்லை, மறுப்பேன் என்று மிரட்டினால் பணம் வரும் என்பதற்காக மட்டும் மறுக்கிறவர், தம் உரிமையை அனுபவிக்கவில்லை. பிறர் அச்சத்தை அனுபவிக்கிறார்.

இது நம்மூரின் கேள்வி மட்டுமன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அடுக்குமாடி வீடு வாங்குகிற பெரும்பாலோர், நிலத்தின் உடைமையை அல்ல, இத்தனை வருஷம் என்ற நீண்ட குத்தகையையே வாங்குகிறார்கள். வருஷம் குறையக் குறைய வீட்டின் விலையும் குறைந்துகொண்டே போகும். மிச்சம் சிலவே ஆகிவிட்டால் விற்பதும் கடன் வாங்குவதும் கடினம். 1993-ம் வருஷத்துச் சட்டம், விலை கொடுத்து மேலும் 90 வருஷம் நீட்டிக்கொள்ளும் உரிமையை அவ்வீடுகளில் உள்ளவர்களுக்குக் கொடுத்தது. ஆயினும் மிச்சம் 80 வருஷத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், நீட்டிப்பதனால் வீட்டுக்கு ஏறுகிற மதிப்பில் பாதியையும் நிலக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? பெரிதும் குடியிருப்பவர் அவ்வீட்டைவிட்டுப் போக முடியாத நிலையிலிருந்துதான். 2024 மே மாதத்தில் பாராளுமன்றம் அந்தப் பாதியை நீக்கவும், நீட்டிப்பை 990 வருஷமாக்கவும் சட்டம் இயற்றியது. நிலக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2025 அக்டோபரில் லண்டன் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அவர்கள் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு: பழைய சட்டத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் நஷ்டப்படுகிறார்கள் என்பதே அது. ஆனால் நஷ்டத்துக்கு ஈடு கேட்பது ஒன்று. பிறன் தவிப்பில் பங்கு கேட்பது வேறு.

இதற்கெல்லாம் வெகுகாலத்துக்கு முன்பே, பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமத்தின் 25-ம் அதிகாரம் நிலத்தை விற்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. ஐம்பதாம் வருஷமாகிய யூபிலியில் நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பிவிடும். ஆகையால் யாரும் நிலத்தை அடியோடு விற்பதில்லை. யூபிலி வரையுள்ள விளைச்சல்களையே விற்கிறார்கள். வருஷம் மிகுந்தால் விலை மிகும். வருஷம் குறைந்தால் விலை குறையும். விற்கிறவன் கடனில் மூழ்கியிருக்கிறான் என்பதோ, வாங்குகிறவன் அவசரத்தில் இருக்கிறான் என்பதோ விலையை அசைக்கலாகாது. காலத்துக்கு மட்டுமே விலை. நம் போக்கிய நீட்டிப்புக்கும் இதைவிட நேரான அளவு வேறில்லை.

இதுவரை படித்த குடியிருப்போர், 'எங்கள் கட்சியைப் பேசினார்' என்று மகிழ்ந்திருப்பார்கள். சற்றுப் பொறுங்கள். நியாயத்தின் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு.

கெடு முடிந்துவிட்டது. இம்முறை தவிக்கிறவர் வீட்டுக்காரர். வாங்கிய ஆறு லட்சத்தை மகள் கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ செலவழித்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வழியில்லை. குடியிருப்பவரோ, 'பணம் வந்தால் போகிறேன்' என்று பழைய தொகையிலேயே ஆண்டுக்கணக்காக இருந்துவிடுகிறார். பணம் வரும்வரை இருக்க அவருக்கு நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே சாஸ்திரி, கடனுக்கு அடகு வைத்த பொருளைப் பற்றி எழுதும்போது கூறுகிறார்: அடகுப் பொருளைப் பயன்படுத்துவதற்கு ஒரு விலை உண்டானால், பயன்படுத்துகிறவன் அந்த விலையைக் கடனில் கழித்துக்கொள்ள வேண்டும், கழிக்காமல் முழுக் கடனையும் கேட்பானாகில் அது அநியாய வட்டியே.

அப்படியானால் போக்கியமே தவறா என்று கேட்கலாம். இல்லை. இன்று பணத்தை வங்கியில் போட்டால் வட்டி உண்டு; அதை வீட்டுக்காரரிடம் கொடுத்ததனால் அந்த வட்டியை ஒருவர் இழக்கிறார். 1745-ல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பானவர் வட்டியைக் கண்டித்து எழுதிய நிருபத்திலும், கடனுக்குப் புறம்பான நியாயமான காரணங்களால் கூடுதல் பெறுவது உண்டென்று ஒப்புக்கொண்டிருக்கிறார். இழந்த வட்டியின் அளவுக்கு வீட்டை அனுபவிப்பது நியாயம். அதற்கு மேல் அனுபவித்தது கடனில் கழியவேண்டும். மேலே சொன்ன கணக்கில் வருஷம் 12,000 ரூபாய் மிகுதி. அவர் மூன்று வருஷம் அப்படியே இருந்தால், 36,000 ரூபாய் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்பதே நேர்மை. 'பணம் இல்லையா? வீட்டையே பாதி விலைக்கு எழுதிக்கொடு' என்று நெருக்குகிறவரைப் பற்றியோ சொல்ல வேண்டியதே இல்லை. வீட்டுக்காரரின் வறுமையும் குடியிருப்பவரின் சொத்து அல்ல.

வீட்டுக்காரருக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. போக்கியப் பணம் வருமானம் அன்று, கடன். அடுத்து வருகிறவரிடம் வாங்கி முந்தினவருக்குக் கொடுத்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் தென் கொரியாவைப் பார்க்கட்டும். ஜொன்சே என்று பெயர்கொண்ட நம் போக்கியத்தைப் போன்ற முறை அங்கே வெகுகாலமாக உண்டு. வழக்கமாக இரண்டு வருஷக் கெடு. குடியிருப்பவர் ஒருமுறை இரண்டு வருஷ நீட்டிப்புக் கேட்கலாம், தொகையை 5 சதவீதத்துக்கு மேல் ஏற்றலாகாது என்று 2020-ல் சட்டம் வந்தது. ஆனால் 2022-ல் வீட்டு விலையும் போக்கியத் தொகையும் சரிந்தபோது, புதுப்பணத்தைக் கொண்டு பழைய பணத்தை அடைத்துவந்தவர்களின் சங்கிலி அறுந்தது. மோசடிக்காரர்களும் அதில் கலந்திருந்தார்கள். இளம் தம்பதிகள் பலர் சேமிப்பை இழந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2023 ஜூன் மாதத்தில் அந்நாட்டு அரசாங்கம் அவர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

ஆகவே, கெடு முடிகிற வீட்டில் உள்ள இரு தரத்தாருக்கும் சில ஆலோசனைகள்.

ஒன்று: கெடுவுக்கு மூன்று மாதம் முன்னரே இருவரும் பேசிவிடுங்கள். நீட்டிப்பதா இல்லையா என்பதைக் கடைசி வாரம்வரை மறைத்து வைப்பது, எதிராளியை வேறு வழியில்லாதவனாக ஆக்குகிற தந்திரம். முடிந்தவரை பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் கெடு விழாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: நீட்டிப்பை மௌனத்தில் விடாதீர்கள். 'இருக்கிறபடி இருக்கட்டும்' என்பது நாளைக்கு இருவரும் வெவ்வேறு விதமாய் நினைவுகூரப்போகிற பேச்சு. நீட்டிப்பும் ஒரு புதிய வாக்கு. தொகை, கெடு, திருப்பித்தரும் நாள் எல்லாம் எழுதிப் பதிவு செய்யுங்கள்.

மூன்று: குடியிருப்பவர் முதல்முறை மட்டுமல்ல, நீட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது நலம். இடையில் வீட்டின்பேரில் வங்கிக் கடன் ஏறியிருக்கலாம். கடன் நிலுவையில் நின்றால் 2002-ம் வருஷத்துச் சட்டப்படி வங்கி வீட்டைக் கைக்கொள்ளும்; பதியாத தாள் அப்போது துணை நில்லாது. அப்படிக் கடன் வாங்கியிருக்கும் வீட்டுக்காரர், கேளாமலே அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்.

நான்கு: இடைத்தரகர் கையில் பணத்தைக் கொடுக்கவேண்டாம். வீட்டுக்காரருக்கு மாத வாடகை, குடிவருகிறவரிடம் மொத்தப் பணம் என்று நடுவில் நின்று வாங்கிக்கொண்டு மறைகிறவர்களால் பெங்களூரில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பணம் வீட்டின் உடைமையாளருக்கே, வங்கி மூலமாகவே போகட்டும்.

கடைசியாக ஒன்று. 'முன்பே வாங்கியாயிற்று, இனி என்ன செய்வது?' என்று கேட்கிறவர்கள் இருக்கலாம். அநியாயமாய் வாங்கியதற்கு மனம் வருந்தினால் மட்டும் போதாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணையாகக் கொடுக்கலாம். அடுத்த நீட்டிப்பில் கழித்துவிடலாம். யாருடைய பணம் என்பது தெரிந்திருக்கிறபோது, அதைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன் என்பது பதிலாகாது. அது அவருடைய பணம். அவரிடமே போய்ச்சேர வேண்டும்.

இந்த ஜூன் மாதத்திலோ அதற்கு முன்போ உங்கள் வீட்டுக் கெடு முடியுமானால், தரகரை அழைக்குமுன் எதிராளியை அழையுங்கள். ஒரு தாளில் முதல், வட்டி, வாடகை மூன்றையும் எழுதி இருவருமாகக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தாளில் எழுதக் கூச்சப்படுகிற தொகை எதுவோ, அதைக் கேட்காமல் விட்டுவிடுங்கள்.